மேற்கு விசில்

சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளத்தை அரியலூர்ப் பக்கத்தில் யாரும் சுரங்கம் என்று சொல்வதில்லை, மைன்ஸ் என்பார்கள். இளவரசன் வேலை பார்த்த மைன்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வெடி வைப்பார்கள். சங்கு ஊதியதும் வண்டிகள் ஒதுங்கிவிடும். பள்ளத்தைச் சுற்றி நான்கு திசையிலும் நான்கு பேர் சிவப்புக் கொடியோடு நிற்பார்கள். ஆடுமாடு, சைக்கிள்காரன், விறகு பொறுக்க வந்தவள் என்று எது வந்தாலும் மறித்து அனுப்பிவிட்டு, தன் பக்கம் காலி என்று தெரிந்ததும் விசில் ஊத வேண்டும். அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் வடக்கு, அடுத்து கிழக்கு, அப்புறம் தெற்கு. தெற்கு ஊதியது காதில் விழுந்த பிறகுதான் மேற்கு ஊத வேண்டும். மேற்கு விசில் கேட்டதும் ஃபோர்மேன் சிவசுப்பிரமணியன் வெடிப்பெட்டியின் சாவியைத் திருப்புவார்.

மற்ற மூன்று விசிலும் அவர் நிற்கும் இடத்துக்குக் காற்று இருந்தால் கேட்கும், இல்லாவிட்டால் கேட்காது. மேற்கு ஊதிவிட்டால் நான்கும் ஊதியதாக அர்த்தம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரென்று தெரியாது. அடுத்தவர் காதை இவ்வளவு நம்பியவர் நல்ல காது உள்ளவராகத்தான் இருந்திருப்பார்.

மேற்கு இளவரசனுடையது. நான் சொல்வது 2005ஆம் வருஷம். அரியலூர் ஒரு தடவை மாவட்டமாகிவிட்டு மறுபடி பெரம்பலூரோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம். இளவரசனுக்கு அப்போது முப்பது வயது. இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. சளி பிடித்தால் சீழ் வடியும், கோழி இறகை விட்டுத் துடைப்பார்கள், மறுபடி வடியும். ஒரு நாள் வடிவது நின்றது, கேட்பதும் நின்றது. அவ்வப்போது சீழ் கட்டி ஆறினாலும் கேட்டுக்கொண்டிருந்த வலது காதை வைத்தே ஒப்பேற்றி வந்தான். யாரோடு நடந்தாலும் அவர்களை வலப்பக்கம் விட்டுக்கொள்வான். கல்யாணமான புதிதில் அவன் மனைவி வேணி அதை அவர்கள் வீட்டுச் சம்பிரதாயம் என்றே நினைத்திருந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவனுக்குச் சளி பிடித்தது. வலது காது அடைத்துக்கொண்டது. தெற்கு விசில் எங்கேயோ கொசு கத்துகிற மாதிரி மெலிந்துவிட்டது. வேறொரு சமயமாக இருந்தால் தானாகச் சரியாகட்டும் என்று விட்டிருப்பான். ஆனால் ஒப்பந்த ஆட்களில் சிலரைக் கம்பெனி நிரந்தரமாக்கப் போகிறது, அதில் இளவரசன் பேரைச் சிவசுப்பிரமணியன் சொல்லியிருக்கிறார். கார்த்திகையில் மெடிக்கல். காதில் மிஷினை மாட்டுவார்கள், சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கொடிக்காரனுக்கு ஒரு காது நன்றாகக் கேட்டால் போதும் என்று சிவசுப்பிரமணியன் விசாரித்தும் வைத்திருந்தார். அந்த ஒரு காதுதான் இப்போது அடைத்துக்கொண்டது. பட்டனை அமுக்க முடியாவிட்டால் மைன்ஸ் வாசலோடு சரி.

லீலாவதி டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் திருச்சியிலிருந்து ரயிலில் வந்து அரியலூரில் காது மூக்கு தொண்டை பார்ப்பவர். அவருக்கு இனிக்கப் பேச வராது. மற்ற டாக்டர்கள் ஒண்ணுமில்ல, சரியாயிடும் என்று அனுப்புகிற இடத்தில் இவர் பாடம் நடத்துவார். வந்தவர்கள் அதில் பாதியைப் புரிந்துகொண்டு போவார்கள். மீதிப் பாதியை வீட்டில் போய்த் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். இந்தக் கதையில் நடந்ததெல்லாம் அந்த மீதிப் பாதியில்தான்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறையில வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கு. சுண்ணாம்பு" என்றார்.

"மைன்ஸ் தூசிங்களா?" என்று கேட்டாள் வேணி.

"வெளியேருந்து வந்தது இல்லம்மா. காது அடிக்கடி சீழ் புடிச்சு ஆறுதுல்ல, ஆறின எடத்துல உடம்பே சுண்ணாம்பைக் கொண்டுவந்து வச்சிடும். பறை வெறைச்சுப் போயிடும். வெறைச்ச பறை சத்தத்துக்கு ஆடாது."

"கரைக்க மருந்து இல்லீங்களா?"

"படிஞ்சதைக் கரைக்க மருந்து கெடையாது. இனிமே படியாம இருக்கத்தான் வழி தேடிட்டிருக்காங்க. புண்ணு இருக்கற எடத்துல, இரும்புக்குத் துருப் புடிக்கிற மாதிரி ஒரு வேலை நடக்கும். அதைத் தடுக்கற சத்துக்கு ஆன்டி ஆக்ஸிடன்ட்னு பேரு. வைட்டமின் ஈ, வைட்டமின் சி எல்லாம் அந்த ஜாதி. எலிக்குக் காதுப் பறையைக் கீறி, இந்த மாதிரி மருந்தை விட்டுப் பாத்ததுல வெள்ளை கம்மியா படிஞ்சிருக்கு."

"எலிக்குங்களா?" என்றான் இளவரசன்.

"எலிக்குத்தான். மனுசனுக்கு எவ்வளவு உதவும்னு எனக்கும் தெரியாது, எழுதினவங்களுக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குக் காது அடைச்சிருக்கறது சுண்ணாம்பால இல்ல. பறைக்குப் பின்னால நீர் கோத்திருக்கு. அதுக்கு மருந்து தரேன். கொஞ்ச நாள் பொறுங்க, பழைய மாதிரி கேக்கும். கூட இந்த வைட்டமினையும் சாப்பிடுங்க. நல்லது செஞ்சா செய்யட்டும்."

கொஞ்ச நாள் பொறுங்க என்பதுதான் அதில் வைத்தியம். வேணியின் மனதில் தங்கியவை வேறு: சுண்ணாம்பு, துரு, எலிக்குக் காதில் விட்டார்கள், குறைந்தது.

மருந்துக்கடையில் ஆரஞ்சு நிறத்தில் சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை ஒன்றும் கொடுத்தார்கள். இது என்னங்க என்று கேட்டாள். "வைட்டமின் சி. எலுமிச்சம்பழத்துல இருக்குமே, அதாம்மா" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

செந்துறை பஸ்ஸில் பாதி வழிவரை வேணி அந்த மாத்திரை அட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, வாயைக் காதருகே கொண்டுபோய்ச் சொன்னாள்.

"ஏங்க, நம்ம அண்டாவுல வெள்ளையா படியுதே, அதை எதைப் போட்டுத் தேய்க்கிறேன்? எலுமிச்சம்பழம். அருவாமனையில துருப் புடிச்சா? அதுக்கும் எலுமிச்சம்பழந்தான். இந்த மாத்திரை வயித்துக்குப் போயி, ரத்தத்துல கலந்து, எப்பங்க காதுக்கு வந்து சேர்றது? எலிக்கே காதுலதான வுட்டாங்க."

வேணி அசட்டுப் பெண் இல்லை. போர்வெல் தண்ணீரால் அந்த ஊர்ப் பாத்திரங்களெல்லாம் வெளுத்துக் கிடக்க, அவள் வீட்டுப் பாத்திரம் மட்டும் முகம் பார்க்கலாம் போல இருக்கும். கையால் செய்து பார்த்ததைத்தான் அவள் சொன்னாள்.

இளவரசனும் உடனே தலையாட்டிவிடவில்லை. மைன்ஸில் சாம்பிள் எடுக்கிறவர் கல்லின்மேல் ஆசிட்டைச் சொட்டு விடுவதைத் தினம் பார்க்கிறவன் அவன். நுரைத்துப் பொங்கினால் நல்ல சுண்ணாம்புக்கல், பொங்காவிட்டால் வெறும் கல். வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் கிடந்த சுண்ணாம்புக்கல்லைக் கத்தியால் சுரண்டித் தட்டில் தூளாக்கினான். அதன்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான். மெல்ல நுரை கட்டியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் சந்தோஷமாக இருந்தது.

"திங்கிற பொருளுதான. கெடுதியா செஞ்சிடப் போவுது?" என்றான் அவன்.

வேணி சாற்றைத் துணியில் வடிகட்டி, இளஞ்சூடாக்கி, தண்ணீர் கலந்தாள். அவன் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தான். வலது காதில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"சொரசொரன்னு பொங்குது வேணி."

"கரையுதுங்க."

காதில் பச்சைத் தண்ணீரை விட்டாலும் அந்தச் சத்தம் கேட்கும். பச்சைத் தண்ணீரை விட்டுப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. கல்லை வைத்துச் சோதித்தவனுக்கு இது தோன்றியிருக்கக் கூடாதா என்று நமக்கு ஆத்திரம் வரலாம். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே சில சமயம் தோன்றுவதில்லை.

காலையும் மாலையும் விட்டார்கள். எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பொறுத்துக்கொண்டான். பிறகு காது மடலைத் தொட முடியாமல் வலித்தது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது காதின் துவாரம் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. வேணி வாயை அசைத்தாள், சத்தம் வரவில்லை. பித்தளைக் குடம் கீழே விழுந்து உருண்டது, அதற்கும் சத்தம் இல்லை. இளவரசன் பயந்துபோனான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மறுபடி டாக்டரிடம் போனார்கள். டாக்டர் காதை முகர்வதுபோல் குனிந்து பார்த்துவிட்டு, என்னத்தை ஊத்தினீங்க என்று கேட்டார். வேணி ஒளிக்காமல் சொன்னாள். அண்டா, அருவாமனை, கல், நுரை எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் விளக்கைக் கீழே வைத்தார்.

"அந்தச் சுண்ணாம்பு பறையோட ரெண்டு தோலுக்கு நடுவுல இருக்கும்மா. வெளியேருந்து எதை ஊத்தினாலும் அங்க போவாது. நீங்க பொசுக்கினது காதுத் தோலை."

மருந்தில் நனைத்த துணித் திரியைக் காதுக்குள் சொருகினார். வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆகும், வடிந்தால் கேட்கும், அதுவரைக்கும் வெடி வேலைக்குப் போகவே கூடாது என்றார். வேணி அதையெல்லாம் வாயசைப்பிலும் கையிலுமாக அவனுக்குச் சொன்னாள். வரும் வழியில் பஸ்ஸில் அவள் அழுதாள். அது அவனுக்குக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்ததால் தெரியவும் இல்லை.

இரண்டு வாரம் லீவு போட முடியாது. ஆள் எடுக்கிற நேரத்தில் லீவு கேட்ட ஒப்பந்தக்காரன் பேர் மெடிக்கலுக்குப் போகாது என்பது மைன்ஸில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரத்தை எப்படியாவது ஓட்டிவிட்டால் காதும் திறந்துவிடும், வேலையும் நிரந்தரம். அப்படித்தான் இளவரசன் நினைத்தான். தூசிக்குக் கட்டுகிற மாதிரி துண்டைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்டு போனான்.

தெற்கில் நிற்கிறவன் மகேஷ். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் சின்ன உருவமாகத் தெரிவான். விசில் ஊதி முடித்ததும் கொடியை இறக்கித் தோளில் சாத்திக்கொள்வது அவன் வழக்கம். இளவரசன் அதைப் பிடித்துக்கொண்டான். கொடி இறங்கியதும் ஊதினான். தன் விசில்கூடத் தனக்குக் கேட்கவில்லை, பல்லில் மட்டும் கூசியது. வெடிச் சத்தம் உள்ளங்கால் வழியாக வந்தது. கண்ணை வைத்தே சமாளித்துவிடலாம் போலிருக்கிறதே என்று அவனுக்குத் தைரியம் வந்தது.

ஒரு நாள், ஒதுங்கப் போன லாரி ஒன்று கிளப்பிவிட்ட புழுதியில் தெற்கு மறைந்துபோனது. கொடி தெரியவில்லை. இளவரசன் காத்திருந்தான். புழுதி அடங்கவில்லை. இவ்வளவு நேரத்துக்கு மகேஷ் ஊதியிருப்பான் என்று தோன்றியது. ஊதினான். தரை அதிர்ந்தது.

சாயங்காலம் சைக்கிள் ஷெட்டில் மகேஷ் வந்து அவன் சட்டையைப் பிடித்தான். மகேஷின் உதடு படபடவென்று அசைந்தது. என்ன சொல்கிறான் என்று புரியாமல் இளவரசன் விழித்தான். மகேஷ் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, துண்டுக்கு மேலேயே காதில் வாயை வைத்துக் கத்தினான்.

"நான் ஊதவே இல்லடா. வீராயி ஆட்டோட உள்ள நிக்கிது, நான் வெரட்டிக்கிட்டு இருக்கேன். நீ யாரு ஊதினான்னு ஊதின?"

வீராயி இளவரசன் தெருக்காரி. வெடியில் பறந்த கல் அவள் தலைக்கு மேலே போய் ஒரு குட்டியின்மேல் விழுந்திருந்தது. ஆளை உள்ளே விட்டது மகேஷின் குற்றமாகவும் ஆகிவிடும் என்பதால் அவன் ஃபோர்மேனிடம் சொல்லவில்லை. வீராயியும் மேய்ச்சலுக்குப் போகக் கூடாத இடத்துக்குப் போனவள், அவளும் போய்க் கேட்க முடியாது.

இளவரசன் வீட்டுக்குப் போகிற வழியில் வீராயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தாயாடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. தெருவைப் பார்த்து மைன்ஸ்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள் என்பது கை நீட்டிய விதத்தில் தெரிந்தது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது. வாய் மட்டும் அசைவதைப் பார்த்துக்கொண்டு அவளைக் கடந்து போவது வெட்கமாக இருந்தது. வேணியிடம் அவன் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் புழுதி இல்லை. வானம் தெளிவாக இருந்தது. வண்டிகள் ஒதுங்கின. சங்கு ஊதியிருக்க வேண்டும். இளவரசன் தன் பக்கத்துப் பாதையை மறித்தான், யாரும் இல்லை. தெற்கில் மகேஷ் கொடியை இறக்கித் தோளில் சாத்தினான். ஊதிவிட்டான். அநேகமாக ஊதிவிட்டான். கை வலித்துங்கூடக் கொடியை இறக்கியிருக்கலாம். நேற்றும் அநேகமாகத்தான் ஊதினேன் என்று இளவரசனுக்கு நினைவு வந்தது.

விசில் வாயில் இருந்தது. மூச்சும் இழுத்தாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் காது திறந்துவிடும் என்று டாக்டர் சொன்ன கணக்கு மனதில் ஓடியது. நிரந்தரமான பிறகு வேணியைக் கூட்டிக்கொண்டு ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று பேசிவைத்திருந்ததும் ஓடியது. மகேஷ் இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினான். ஊதச் சொல்கிறானா, ஊதாதே என்கிறானா என்று தெரியவில்லை.

இளவரசன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

மைன்ஸ் மொத்தமும் காத்துக் கிடந்தது. கடைசியில் சிவசுப்பிரமணியனின் ஜீப் மேட்டின்மேல் ஏறி வந்தது. அவர் இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தார். இளவரசன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கிட்டே வந்து அவன் தோளைத் தொட்டு, வாயை நன்றாகத் திறந்து கேட்டார்.

"ஏன்யா ஊதல? தெக்க ஊதி எவ்வளவு நேரமாச்சு. இன்னைக்குக் காத்து நல்லா இருக்கு, எனக்கே கேட்டுச்சு. ஒனக்குக் கேக்கலியா?"

"கேக்கல சார்."

அவன் துண்டை அவிழ்த்தான். காதில் திரி தொங்கிக்கொண்டிருந்தது. சிவசுப்பிரமணியன் அதைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவன் பேரைச் சொல்லும்போது, காதுக்கு நான் பொறுப்பு என்று ஆபீஸில் சொன்னவர். அவர் முகம் தொங்கிவிட்டது.

"எத்தனை நாளா?"

அது இளவரசனுக்குப் புரியவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. அவன் கையிலிருந்த விசிலை வாங்கி, சட்டையில் துடைத்துத் தானே ஊதினார். வெடிப்பெட்டியோடு கீழே நின்ற ஆள் சாவியைத் திருப்பினான். தரை அதிர்ந்தது, புழுதி எழுந்தது, அடங்கியது. தெற்கில் அன்று ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை. அவன் ஊதியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

மறுநாளிலிருந்து அவனை வர வேண்டாம் என்றார்கள். மெடிக்கலுக்குப் போன பேர்களில் அவன் பேர் இல்லை.

காது டாக்டர் சொன்ன மாதிரியேதான் திறந்தது. வேணி அடுப்படியில் கரண்டியை வைத்த சத்தம் முதலில் கேட்டது. சைக்கிள் மணி கேட்டது. அவனுக்குக் கேட்கிறது என்று தெரிந்ததும் வேணி எதிரில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள். அவன் காதுக்கு முழுதாகக் கிடைத்த முதல் பேச்சு அதுதான்.

"மகேஷ் ஊதிட்டாருதானங்க? நீங்களும் ஊதியிருக்கலாம்ல?"

"முந்துன நாளு ஊதினேன்" என்றான் இளவரசன். "வீராயி உள்ள நின்னுச்சு."

வேணி அவனையே பார்த்தாள். வீராயியின் குட்டி செத்ததைத் தெருவே பேசியது, அவளும் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தவள்தான். எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை. எலுமிச்சம்பழத்தைப் பற்றி அவனும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

லீலாவதி டாக்டர் மிஷினை மாட்டிச் சோதித்தார். சத்தம் வரும்போதெல்லாம் இளவரசன் பட்டனை அமுக்கினான். சிறிய சத்தத்துக்கும் அமுக்கினான். டாக்டர் மறுபடி விளக்கடித்துப் பார்த்தார்.

"வெள்ளை அப்படியே இருக்கு. கரையவும் இல்ல, கூடவும் இல்ல. கேக்கறது நல்லாவே இருக்கு" என்றார்.

"அந்த ஆரஞ்சு மாத்திரைங்க?" என்று கேட்டாள் வேணி.

"அதனாலதான் கூடலன்னு என்னால சொல்ல முடியாதும்மா. அது இல்லாமலும் கூடாம இருந்திருக்கலாம்."

வழக்கம்போல அவர் உள்ளதைச் சொன்னார். வேணி இந்தத் தடவை எதையும் நிரப்பிக்கொள்ளவில்லை. கடைக்குப் போய் இன்னொரு அட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

இப்போது 2007 கோடை. அரியலூரை மறுபடி மாவட்டமாக்கப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். இளவரசனும் வேணியும் முந்திரிக் கொல்லையில் வேலைக்குப் போகிறார்கள். கொல்லைக்கும் மைன்ஸுக்கும் அரை மைல் தூரம். மதியம் சங்கு ஊதினால் மற்றவர்கள் சாப்பாட்டு வேளை என்று தூக்குவாளியைத் தேடுவார்கள். இளவரசன் மட்டும் வலப்பக்கத்தை மைன்ஸ் பார்க்கத் திருப்பிக்கொண்டு நிற்பான். காற்று இருந்தால் நான்கு விசிலும் கேட்கும். வடக்கு. கிழக்கு. தெற்கு ஊதியதும் அவன் உதடு தானாகக் குவியும்.

இன்றைக்குத் தெற்கு ஊதிய கையோடு மேற்கு ஊதிவிட்டது. யாரோ புதுப் பையன். இளவரசன் கையிலிருந்த முந்திரிப்பழத்தைக் கீழே போட்டுவிட்டான்.

"கேட்டுட்டுத்தான ஊதின?" என்றான், பள்ளம் இருக்கும் திசையைப் பார்த்து.

வெடி வெடித்தது. வேணி கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். எட்டத்தில் கொல்லை வேலி ஓரமாக வீராயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவதை அவனுக்குக் கை நீட்டிக் காட்டினாள். பிறகு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.